மான் லீஸில் பழைய கன்டெய்னர்: யுடிவி நிறுத்த ஏற்ற கொட்டகையா?

கப்பலில் பத்துப் பன்னிரண்டு வருடம் சரக்கு சுமந்து ஓய்ந்த 20 அடி இரும்புப் பெட்டிகள், இப்போது டெக்சாஸ் வேட்டை நிலங்களில் யுடிவி, அதாவது காட்டுப் பாதையில் ஓட்டும் சிறிய நான்குசக்கர வண்டி, நிறுத்தும் கொட்டகையாக நிற்கின்றன. விலை ஏறக்குறைய 2,000 முதல் 3,000 டாலர். ஹூஸ்டன் துறைமுகத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அந்த அளவுக்கு லாரிக் கூலி ஏறும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் இறக்கி வைத்த கோலத்திலேயே வண்டியை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கொட்டகை அல்ல, ஊறுகாய் ஜாடி.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனதால், 'டீர் லீஸ்' என்றால் என்ன என்று ஒரு வரி. டெக்சாஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தனியார் நிலம். மான் சுட வேண்டுமென்றால் பண்ணைக்காரரிடம் வருடக் குத்தகைக்கு நிலம் எடுப்பார்கள். பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். வட மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறோடு முடியும், தெற்கே இன்னும் இரண்டு வாரம் ஓடும். அதன்பின் செப்டம்பர்வரை எட்டு மாதம், ஆளில்லாத கல்லுக்காட்டில், மின்சாரமும் இல்லாமல், பதினைந்தாயிரம் இருபதாயிரம் டாலர் வண்டி தனியே நிற்க வேண்டும். அதிலும் நிலம் உங்களுடையது அல்ல. குத்தகை முடிந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கான்கிரீட் தளம் போட்டுக் கட்டும் ஷெட் இங்கே ஒத்துவராதது இதனால்தான். கன்டெய்னரை வந்த வழியிலேயே இழுத்துக்கொண்டு போகலாம். இருந்தாலும் அதை வைக்கும் முன் நிலக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பெட்டி குத்தகைக்காரரின் பொருள் என்ற வரி அதில் இருக்கட்டும்.

மற்ற வழிகளையும் பார்த்துவிடுவோம். குழாய்ச் சட்டத்தில் பாலிதீன் துணி போர்த்திய கூடாரத்தை வெயிலே சில வருடத்தில் நார் நாராக்கிவிடும். திருடனுக்கு ஒரு பேனாக்கத்தி போதும். மூடிய டிரெய்லரில் வைப்பது சொகுசுதான். ஆனால் கொக்கியில் மாட்டி இழுத்தால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே போகும். திருடனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி. தகர ஷெட் கிட்டின் சுவர்த் தகடு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கன்டெய்னர் சுவர் 1.6 மி.மீ., கூரை 2 மி.மீ., அதுவும் துரு மெதுவாகவே தின்னும் கார்ட்டன் எஃகு. பாதுகாப்பில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வரமுடியாது.

வாங்கும்போது

பழைய பெட்டிகளை மூன்று தரமாக விற்பார்கள்: ஒரே பயணம் போன புத்தம்புதுசு, சரக்கேற்றத் தகுதியுள்ளது, 'விண்ட் அண்ட் வாட்டர் டைட்' என்ற காற்று-மழை புகாதது. நம் வேலைக்கு மூன்றாவது போதும். ஆனால் படம் பார்த்து வாங்கக் கூடாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே மழை வரும். கூரையில் பள்ளம் விழுந்த இடங்களையும், கதவின் அடி விளிம்பையும், கீழே குறுக்குச் சட்டங்களையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். தட்டினால் 'டங்' என்று கேட்கவேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றுவிட்டது. தரை 28 மி.மீ. பிளைவுட். நடக்கும்போது எங்காவது அமுங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். 700 கிலோ வண்டி நான்கே இடத்தில் அழுத்தப் போகிறது. மூக்கையும் நம்புங்கள்: பழைய சரக்கு ஏதாவது சிந்தி ஊறிய நாற்றம், டெக்சாஸ் ஆகஸ்டில் பத்து மடங்காகும். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

அளவில் ஏமாறுபவர்கள் அதிகம். 20 அடி என்பது வெளியளவு. உள்ளே நீளம் 19 அடி 4 அங்குலம், கதவுத் திறப்பு அகலம் ஏறக்குறைய 7 அடி 8 அங்குலம், உயரம் 7 அடி 5 அங்குலம். இரண்டு இருக்கை யுடிவி ஒன்று சுமார் 10 அடி நீளம், 5 அடி 4 அங்குல அகலம், ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம் இருக்கும். ஆக அகலத்தில் மிச்சம் 28 அங்குலம். வண்டியை நட்டநடுவே விட்டால் இரண்டு பக்கமும் பதினான்கு அங்குலம், ஆள் இறங்க முடியாது. மூக்கு உள்ளே போகிற மாதிரி ஓட்டி, வலது சுவருக்கு நாலு அங்குலம் விட்டு ஒட்டி நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் இரண்டு அடி கிடைக்கும். நான்கு இருக்கை வண்டியும் நீளத்தில் தாராளமாக அடங்கும். கூரைமேல் உயர இருக்கை கட்டிய தென் டெக்சாஸ் 'ஹை ரேக்' வண்டி வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓரடி கூடுதல் உயரமுள்ள 'ஹை கியூப்' பெட்டியிலும் அது நுழையாது.

எங்கே, எப்படி வைப்பது

பெட்டி சாய்தள லாரியில் வரும். 20 அடிப் பெட்டியை இறக்க நேர்க்கோட்டில் குறைந்தது 60 அடியும், தலைக்கு மேல் பெட்டி சாய்ந்து உயரும் அளவுக்கு இடமும் வேண்டும். ஓக் மரக்கிளைகளை முதல் நாளே வெட்டிவிடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே கதவு லாரியின் முன்பக்கம் இருக்கவேண்டுமா பின்பக்கமா என்று சொல்லவேண்டும். லாரி ரிவர்ஸில் வந்து, பெட்டியைச் சரித்துவிட்டு, முன்னால் நழுவிப் போய்விடும். திருப்பி வைக்க வழியே இல்லை. கதவு மலைச்சரிவைப் பார்த்து நிற்கும் பெட்டிகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கியவைதான்.

பெட்டியின் பாரம் முழுவதும் நான்கு மூலை வார்ப்புகளில், அதாவது மூலைகளில் இருக்கும் துளையுள்ள எஃகுக் கட்டிகளில்தான் இறங்கும். நான்கு மூலைக்கும் ஆறு அங்குலம் தோண்டி, ஜல்லி நிரப்பி, இடித்து, அதன்மேல் ரயில்வே ஸ்லீப்பர் கட்டையோ கெட்டியான கான்கிரீட் பிளாக்கோ வையுங்கள். நேரே மண்ணில் வைத்தால் அடிச் சட்டம் துருப்பிடிக்கும். ஒரு மூலை அரை அங்குலம் இறங்கினாலும் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவு மூட மறுக்கும். கதவு இறுகுகிறது என்று கீலுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருப்பவர்கள் லெவல் குழாயை எடுத்து மூலையைப் பார்த்தால் போதும். கதவுப் பக்கம் ஓர் அங்குலம் தாழ்வாக வைத்தால் உள்ளே விழும் நீரும் வெளியே ஓடும்.

ஓடைக்கரைச் சமதளம் பார்க்க அழகாக இருக்கும்; அங்கே மட்டும் வைக்கவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலிப் பெட்டி சுமார் 2,300 கிலோ, வண்டி 700 கிலோ, மொத்தம் 3,000. பெட்டியின் அடிப்பரப்பு 14.8 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது 20 சென்டிமீட்டர் தண்ணீரின் கனம் வருகிறது. அதாவது அடிச்சட்டத்துக்கு மேல் முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரே இந்த இரும்புப் பெட்டியைப் படகாக்கிவிடும். உள்ளே தண்ணீர் மெல்லக் கசிந்து கனம் கூடும் என்பது உண்மை; ஆனால் மத்திய டெக்சாஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் வெள்ளம் மெல்ல ஏறுவதில்லை. 2025 ஜூலை 4 அன்று கெர் கவுன்டியில் குவாடலூப்பே ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் உயர்ந்தது. மேட்டில் வையுங்கள். மேடு இல்லையென்றால் மூலை வார்ப்புகளின் துளையில் சங்கிலி கோத்துத் தரை ஆணியில் கட்டுங்கள். சுற்றிலும் பத்தடிக்குப் புல் இல்லாமல் ஜல்லி பரப்பினால் காட்டுத்தீயும் நெருங்காது, கூரிய கண்ணுள்ளவர்களுக்குப் பாம்பும் தெரியும்.

தரை பிளாக்கோடு சேர்த்துப் பதினான்கு அங்குல உயரத்தில் இருக்கும், அதனால் சாய்பலகை தேவை. மண்ணைக் குவித்துச் சரிவு போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், கதவின் அடி விளிம்பு மண்ணில் இடிக்கும், ஈரம் படிந்து நிலைச்சட்டம் போய்விடும். ஆறு ஏழு அடி அலுமினியச் சாய்பலகை இரண்டு போதும். ஏறும்போது பின்னால் உதைத்துத் தள்ளிவிடாதபடி நிலைச்சட்டத்தில் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அவை உள்ளேயே கிடக்கட்டும். வெளியே விட்டால் திருடனுக்கும் அதே பலகைதான் உதவும்.

பூட்டு

வலது கதவின் விளிம்பு இடது கதவின் மேல் படியும், எனவே வலது கதவைப் பூட்டினால் இரண்டும் பூட்டியதாகும். கம்பியில் தொங்கும் சாதாரணப் பூட்டு போல்ட் கட்டருக்கு ஒரு நொடி வேலை. 'லாக் பாக்ஸ்' என்ற எஃகுக் கூடு அவசியம்: பாதி ஒரு கதவிலும் பாதி மறு கதவிலும் பற்றவைத்து, நடுவே பூட்டு மறைந்து உட்காரும், கையை அடியிலிருந்து விட்டுத்தான் திறக்க முடியும். கட்டருக்கு வாய் வைக்க இடமில்லை. பெட்டி விற்பவரிடமே பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். வண்டி உள்ளே வந்தபிறகு அந்தச் சுவரில் வெல்டிங் கூடாது. பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து சாந்தாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

பேட்டரி கிரைண்டர் உள்ளவனுக்கு 1.6 மி.மீ. சுவர் சில நிமிட வேலை என்பதை மறக்க வேண்டாம். எனவே உள்ளேயும் ஒரு கட்டு இருக்கட்டும். தரையோரம் சரக்குக் கட்டும் வளையங்கள் இருக்கும். 12 மி.மீ. கடினச் சங்கிலியை வண்டியின் சேஸிஸ் குழாயில் சுற்றி, இரண்டு வளையங்களில் கோத்துப் பூட்டுங்கள். பம்பரிலோ சக்கரத்திலோ கோத்தால் ஸ்பேனரே போதும். கடைசியாக, ஃபியூஸ் பெட்டியிலிருந்து எரிபொருள் பம்பு ரிலேயைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத காவல்.

இனி உண்மையான எதிரி

இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறை ஈரம். 30 டிகிரி வெப்பத்தில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராகும். பகலில் உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்க, இரவில் கூரைத் தகடு தெளிந்த வானத்தைப் பார்த்துச் சுற்றுக் காற்றைவிடவும் கீழே குளிரும். விடியற்காலையில் உட்கூரை முழுக்க வேர்த்து, மடிப்பின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இருக்கைமேல் விழும். கூரையில் ஓட்டை என்று சிலிகான் பூசிக்கொண்டே இருப்பார்கள், ஓட்டையே இருக்காது. சேறும் ஈரமுமாக வண்டியை உள்ளே விடுவது, வாளித் தண்ணீரை வைத்துப் பூட்டுவதற்குச் சமம். கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகு உள்ளே எடுங்கள். உள்ளே நிற்கும் வண்டிமேல் தார்ப்பாய் போடவே கூடாது. ஈரம் அதனடியில் தங்கிவிடும்.

பெட்டியோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் துவாரங்கள் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய மட்டும்தான், காற்றோட்டத்துக்கு அல்ல. ஓரடிக்கு ஓரடி வெண்ட் (காற்றுப் போக்கி) நான்கு வையுங்கள்: ஒரு கோடியில் தரையோரம் இரண்டு, எதிர்க் கோடியில் கூரையோரம் இரண்டு. சுவர் மடிப்புத் தகடு என்பதால் சாதாரண வீட்டு வெண்ட் சமமாக உட்காராது. மடிப்புக்கேற்ற விளிம்போடு கன்டெய்னருக்கென்றே வருவதை வாங்குங்கள். வெட்டிய விளிம்பில் அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். உட்புறம் 3 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை வேண்டும்.

கூரைக்கு அடியில் இரண்டு அங்குல ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் சொட்டுவது நிற்கும், ஆனால் பெட்டியின் விலையில் பெரிய பங்கு அதற்கே போகும். ஓரடி இடைவெளி விட்டு மேலே இன்னொரு தகரக் கூரை போடுவது இதைவிட நல்ல வழி. மேல் மூலை வார்ப்புகளில் போல்ட் போட்டுச் சட்டம் கட்டினால் பெட்டியில் ஒரு துளையும் போடவேண்டியதில்லை. பகலில் வெயில் நேரே படாது. இரவில் தகடு வானத்தைப் பார்க்காது. தகரக் கூரைமேல் கீற்று வேய்வது ஏன் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ஈரம் உறிஞ்ச கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடச் சொல்லி விற்பார்கள். ஒரு மாதக் கப்பல் பயணத்துக்கு அது சரி. எட்டு மாதத்தில் பை நிரம்பி உப்புநீர் வழியும். அந்த நீர் விழுந்த இடத்தில் இரும்பு நீரில் நனைந்ததைவிட வேகமாக அரிக்கும். வாங்கினால் வண்டிக்கு நேர் மேலே கட்டாதீர்கள்.

தரையோர வெண்டுகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய பெட்டியில் அது தரைமட்டத்தில்தான் தேங்கும். கோடையில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும்போது டாங்க் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். எனவே உபரி பெட்ரோல் கேனை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக் கூடாது. அதேபோல் ஓட்டி முடித்த வண்டியை அரை மணி வெளியே ஆறவிட்டு, சைலன்சரைச் சுற்றிச் சிக்கிய காய்ந்த புல்லை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

வண்டியைத் தூங்கவைப்பது

எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். டாங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டா-பில் போன்ற நிலைப்படுத்தியை இரண்டரை காலனுக்கு ஓர் அவுன்ஸ் கணக்கில் ஊற்றுங்கள். 10 காலனுக்கு 4 அவுன்ஸ். பிறகு வெளியே நிறுத்திப் பத்து நிமிடம் ஓட்டினால்தான் மருந்து இன்ஜெக்டர் வரை போகும். ஊற்றிவிட்டு அப்படியே மூடுகிறவர்களுக்கு டாங்க் மட்டும் நன்றாக இருக்கும். டயரில் பக்கச் சுவரில் எழுதிய உச்ச அழுத்தம் வரை காற்று அடியுங்கள். பேட்டரிக்குக் கூரையில் 20 வாட் சோலார் வைக்கலாம்தான். ஆனால் தூரத்திலிருந்து பளபளக்கும் பேனல், இங்கே ஏதோ இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது சார்ஜ் போடுவதே சுலபம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள்; டெக்சாஸின் பேக்ராட் எலிக்கு உங்கள் வண்டிதான் அந்தத் தனி வளை. சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும். கதவு ரப்பரின் கீழ் மூலைகளைத்தான் முதலில் பாருங்கள். ஓட்டைகளில் எஃகுக் கம்பளியைத் திணியுங்கள். எஞ்சின் காற்று வாயை எல்லோரும் அடைப்பார்கள், கியர்பெட்டி வேலையைச் செய்யும் சிவிடி பெல்ட்டுக்குத் தனிக் காற்று வாய் உண்டு என்பதை மறந்துவிடுவார்கள். அதற்குள் கட்டிய கூட்டின் நார், முதல் ஓட்டத்திலேயே பெல்ட்டோடு சுற்றி நாசம் பண்ணும். இரண்டையும், சைலன்சர் வாயையும் கம்பி வலையால் அடைத்து, எத்தனை இடம் அடைத்தீர்கள் என்று எழுதிய சிவப்புச் சீட்டை ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். மண்குளவி வேறு வகை. பெட்ரோல் டாங்கின் மூச்சுக்குழாயை அது மண்ணால் பூசிவிட்டால், பருவத்தின் முதல் நாள் வண்டி கால் மைல் ஓடிக் காற்றில்லாமல் நின்றுவிடும். பெட்ரோல் பம்பு போச்சு என்று மாற்றியவர்கள் ஏராளம். அந்தக் குழாய் நுனியில் சின்ன வலைத்துண்டு கட்டினால் போதும்.

ஜிபிஎஸ் கருவியை வண்டியில் ஒளித்துவைத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் வராது, சிக்னல் தேடியே அதன் பேட்டரி தீரும். வண்டி அசைந்தால் மட்டும் விழிக்கும் வகையை வாங்குங்கள். ஆப்பிளின் தேடல் வில்லையான ஏர்டேக், பக்கத்தில் யாருடைய ஐபோனாவது இருந்தால்தான் பேசும், காட்டில் அது ஊமை. அதைவிட, சிம் போட்ட காட்டுக் கேமரா ஒன்று கேட்டிலும், மற்றொன்று பெட்டியைப் பார்த்து மரத்தில் பத்தடி உயரத்திலும் இருந்தால் நல்லது. வீட்டுக் காப்பீடு பொதுவாக வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் யுடிவி திருட்டை ஏற்காது. தனிப் பாலிசி எடுத்து, சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

செப்டம்பரில் திறக்கும்போது உடனே உள்ளே போகாதீர்கள். இரண்டு கதவையும் 270 டிகிரி மடித்துச் சுவரோடு கொக்கி போட்டு, அரை மணி காற்றாடவிடுங்கள். எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தைத் தொடவே கூடாது. அந்தத் தூசியில் ஹன்டாவைரஸ் இருக்கலாம், மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் வழித்தெடுங்கள். பிறகு சிவப்புச் சீட்டைப் பார்த்து, அடைத்த வலைகளை எண்ணி எடுத்து, ரிலேயையும் பேட்டரியையும் மாட்டி, சங்கிலியைக் கழற்றுங்கள். எஞ்சினைக் கிளப்பியதும் உள்ளே சூடேற்றிக்கொண்டிருக்காமல் உடனே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் புகை நிறைய இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகாது.